நூறு ஆண்டு விழாச் சுவடி

முன்னொரு காலத்தில், பேரைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பேர் சொல்லாமல் விடுகிற ஒரு ராஜ்ஜியத்தில், ராஜாவுக்கு விபரீத ஆசை ஒன்று முளைத்தது. அந்த வருஷத்துக் கலைவிழாவில் இரண்டு நாதஸ்வரக் கோஷ்டிகள் ஒரே மேடைக்கு வந்து கைகலப்பாகியிருந்தது. "இனி இது நடக்கக்கூடாது. இன்னும் நூறு ஆண்டுக்கு நம் நகரத்தில் எந்த நாள் எந்த விழா, யார் ஆடுவது, முன்வரிசையில் யார் அமர்வது, எல்லாம் இப்போதே எழுதப்பட வேண்டும்!" என்றார்.

அமைச்சர் திருமேனிநாதர் எழுந்தார். விகடகவி பொன்னுக்கூத்தனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "மகாராஜா, பொன்னுக்கூத்தனை விட்டால் இதற்கு வேறு ஆள் ஏது? பத்து நாளில் எழுதட்டும். நானும் சேனாதிபதியும் சரிபார்க்கிறோம். நாங்கள் ஒரு குறை கண்டுபிடித்தாலும் அவர் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா. சாப்பாட்டுக்கு முன்னால் யோசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

வீட்டில் பொன்னுக்கூத்தனின் மனைவி செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, குறை சொல்றதுக்குன்னே உக்காந்திருக்கிற ஆளுங்ககிட்டயா சுவடியக் குடுக்கப்போறீங்க?"

"அவங்க குறையத் தேட மாட்டாங்கடி. வேற ஒண்ணத் தேடுவாங்க" என்று சொல்லிவிட்டு, பொன்னுக்கூத்தன் நிம்மதியாக வெற்றிலை போட்டான். செங்கமலம் அதை நம்பாமல் மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

பத்தாம் நாள் அமைச்சர் எழுத்தாணியும் கையுமாகச் சுவடியைப் பிரித்தார். முதலாம் ஆண்டு, முதல் ஆசனம்: திருமேனிநாதர். இரண்டாம் ஆண்டும் அவரேதான். அப்புறம் அவர் கண் வேறெங்கும் போகவில்லை. அடுத்த ஆசனம் நூறு ஆண்டும் சேனாதிபதிக்கு. குறை சொன்னால் சுவடி கிழியும், ஆசனமும் போகும். இரண்டு பேரும் 'குறை ஏதும் இல்லை' என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

சபையில் ராஜா வாசித்தார். "எழுபதாம் ஆண்டு, நாட்டியம் ஆடுபவர், இன்னும் பிறக்காத ஒருத்தி... நூறாம் ஆண்டு, முதல் ஆசனம், திருமேனிநாதர். அமைச்சரே, உமக்கு இப்போது என்ன வயது?"

"அ... அறுபத்திரண்டு, மகாராஜா."

ராஜா ஓலைகளை முன்னும் பின்னும் புரட்டினார். அவர் முகம் சிவந்தது. "அது போகட்டும். என் ஆசனம் எங்கே?"

அமைச்சர் சேனாதிபதியைப் பார்த்தார், சேனாதிபதி தரையைப் பார்த்தார்.

"அது ஒன்றுதான் குறை, மகாராஜா" என்றான் பொன்னுக்கூத்தன், கொஞ்சமும் அசராமல். "இவர்கள் கண்டுபிடித்தால் நான் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்பது உத்தரவு. கண்டுபிடிக்கவில்லையே! தங்களுக்கு ஆசனம் எதற்கு? தாங்கள் எங்கே அமர்ந்தாலும் அதுதானே முன்வரிசை!"

ராஜாவின் மீசை துடித்தது. "அப்படியானால் நூறு ஆண்டுத் திட்டம்?"

"கடைசி ஓலையில் இருக்கிறது. வீணையும் மிருதங்கமும் பலாமரத்தில் செய்கிறார்கள். இன்று விழாத் திடலைச் சுற்றி நூறு பலாக்கன்று நட்டால், பேரன் காலத்தில் வாத்தியத்துக்கு மரம் இருக்கும். என்ன வாசிப்பது என்பதை வாசிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம்மால் இப்போது செய்ய முடிந்தது அவ்வளவுதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பேஷ்! கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டாம். நூறு வருஷம் இருக்கப்போகிறவர்கள் இரண்டு பேர் இங்கேயே இருக்கிறார்களே!" என்றவர், பொன்னுக்கூத்தனுக்கு ஒரு பட்டு வேட்டியைப் பரிசளித்தார்.

பொன்னுக்கூத்தன் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து மூட்டையை அவிழ்த்தான். உள்ளே செங்கமலத்தின் சேலைகள், சட்டி பானை, அம்மிக்குழவிகூட இருந்தன. அவனுடைய துணி ஒன்றுகூட இல்லை.

"அடியே, என் வேட்டி எங்கே? நீயும் அந்த அமைச்சர் மாதிரி உன்னோடத மட்டும்தான் பாப்பியா?"

செங்கமலம் அவன் கையிலிருந்த பட்டு வேட்டியை வாங்கி மடித்தாள். "நீங்க ஜெயிச்சா ராஜா புதுசு குடுப்பாரு, தோத்தா கட்டியிருக்கிறதோட விரட்டுவாரு. அப்புறம் எதுக்கு உங்க பழைய வேட்டிய நான் சுமக்கணும்?"