கேட்காமல் ஒடிக்கும் கற்பூரவல்லி

செடிகொடிக்கெல்லாம் வாய் இருந்த காலம் ஒன்று இருந்தது. ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று யாரும் ஏங்க வேண்டாம். விடிந்ததும் விடியாததுமாக முருங்கை முதுகு வலிக்கிறது என்று புலம்பும். அவரைக்கொடி பந்தலில் இடம் போதவில்லை என்று மூக்கைச் சிந்தும். பெண்களுக்குத் தலைவலி என்று ஒன்று வந்ததே அப்போதுதான் என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

அந்தக் காலத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சீதேவி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் பெயர் ஆண்டியப்பன். பவளம் என்று ஒரு கைக்குழந்தை. வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் வடிகிற இடத்தில் சீதேவி ஒரு கற்பூரவல்லி வைத்திருந்தாள். ஒருமுறை வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கிற செடி அது. பவளத்துக்கு அடிக்கடி நெஞ்சில் சளி கட்டும். கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டிப் பிழிந்து நாக்கில் இரண்டு சொட்டு விட்டால்தான் பிள்ளைக்கு மூச்சே சீராகும். வேறு எந்த மருந்தும் அதற்குக் கேட்கவில்லை.

இப்போது நாம் பார்க்கிற கற்பூரவல்லியை மனதில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அன்றைக்கு அதன் தண்டு விறகுக்கட்டை மாதிரி உறுதி. இலை எண்ணெய் தடவினாற்போல வழவழவென்று இருக்கும். கர்வமென்றால் கர்வம், அப்படியொரு கர்வம். அதுவாக விட்டால்தான் இலை கையில் வரும். கிள்ளப் போனால் நகம்தான் பெயரும். "கற்பூரவல்லி அம்மா, ஒரே ஒரு இலை கொடுங்க" என்று குனிந்து நின்று கேட்க வேண்டும். அதுவும் முதல் தடவை கேட்டால் அம்மாளுக்குக் காது கேட்காது. சீதேவி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கேட்பாள். பிள்ளையைப் பெற்றவள், என்ன செய்வாள்?

இந்த இம்சை போதாதென்று ஆண்டியப்பன் ஒரு காரியம் செய்தான். எருமையைக் குளிப்பாட்ட ஆற்றுக்குப் போனவன் அங்கே ஒரு நாணலைப் பார்த்தான். அப்போதெல்லாம் நாணலுக்குப் பூங்கொத்து கருகருவென்று இருக்கும், கல்யாணப் பெண்ணின் கூந்தலே தோற்றுப்போகும். இலையோ பட்டு. ஆண்டியப்பன் சொக்கிப்போய், வேரும் மண்ணுமாய் அதைப் பெயர்த்து வந்து கற்பூரவல்லிக்குப் பக்கத்திலேயே நட்டுவிட்டான்.

"வீட்டுக்கு ஒரு அழகு வேணும்ல புள்ள" என்றான்.

"வாசப்படி இடிஞ்சு கிடக்கு. அதைக் கட்டினா அழகா இருக்காதாக்கும்" என்றாள் சீதேவி.

அன்றைக்கே சண்டை ஆரம்பமாகிவிட்டது. "ஒரு மருந்துக்கு ஆகுமா, ஒரு வாசனை உண்டா, இதை எதுக்குக் கொண்டாந்து வச்சிருக்கான்?" என்றது கற்பூரவல்லி. "உன்னை மாதிரி குட்டையாக் குந்தியிருந்தா மருந்துன்னு சொல்லித்தான் காலந்தள்ளணும். நான் ஆடுனா ஊரே வேலியோரம் நின்னு பாக்குது" என்றது நாணல். காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கிறவரை ஓயாது. சீதேவி தண்ணீர் ஊற்றப் போனாலும் சரி, சாம்பல் கொட்டப் போனாலும் சரி, இரண்டும் ஒரே குரலில் கேட்கும்: "நீ சொல்லு, எங்கள்ல யார் உசத்தி?"

போனால் போகிறதென்று விட்டிருக்கலாம். ஆண்டியப்பன் விட்டானா? நாட்டாமை உத்தியோகத்துக்குப் பிறந்தவன் மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டான். ஒருநாள் இரண்டையும் முகர்ந்து பார்த்தான். இன்னொரு நாள் சாண் வைத்து அளந்தான். ஒருநாள் எருமையை இழுத்து வந்து அதன் அபிப்பிராயத்தைக் கேட்டான். அந்தக் காலத்தில் எருமைக்கும் பேச்சு உண்டு; அது இரண்டையும் தின்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றது. வயல் வேலை அப்படியே கிடந்தது.

தண்ணீர் விஷயத்தில் அவன் காட்டிய நியாயம் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றுக்கும் மேல். ஆற்றிலிருந்து வந்த நாணல் ஒரு குடம் குடிக்கும். கற்பூரவல்லிக்கு இரண்டு கை நீர் போதும். ஆண்டியப்பன் இரண்டுக்கும் குடம் குடமாய் ஊற்றினான். ஒப்பிட்டுப் பார்க்கிறவன் பாரபட்சம் காட்டக் கூடாதாம். கற்பூரவல்லியாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "அதுக்குக் குடம்னா எனக்கும் குடம்" என்று வீம்புக்கு வாங்கிக் குடித்தது.

"அடித்தண்டு அழுகுதுங்க, தண்ணியை நிறுத்துங்க" என்று சீதேவி சொல்லிப் பார்த்தாள்.

"நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல புள்ள?"

"செடிக்கு என்னங்க நியாயம்? உங்களோட மாரடிக்க என்னால ஆகல!"

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. பவளத்துக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் கர்கர் என்று சத்தம். பால் குடிக்கவும் முடியாமல் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு திணறியது. சீதேவி அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு மழையோடு மழையாகக் கற்பூரவல்லியிடம் ஓடினாள்.

"அம்மா, நாலு இலை கொடுங்க. பிள்ளைக்கு முடியல."

"தாரேன், தாரேன். அதுக்கு முன்னால, நான்தான் உசத்தின்னு இந்தப் புல்லு காதுபட ஒரு வார்த்தை சொல்லிரு."

"நீங்கதான் உசத்தி. கொடுங்க!"

"மனசாரச் சொல்லலையே நீ?"

நாணல் விடுமா? "அவ வேற வழியில்லாம சொல்றா, அது செல்லாது! என்னையும் ஒரு வார்த்தை கேக்கணும்" என்றது. அந்தச் சத்தம் கேட்டு ஆண்டியப்பன் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். பிள்ளையைப் பார்த்தானா என்றால் இல்லை.

"சீதேவி, பட்டுனு அப்படிச் சொல்லிரக் கூடாது. நானே இன்னும் முடிவுக்கு வரல. மழையில எது எப்படி நிக்குதுன்னு பாக்கணும்..."

இடுப்பில் இருந்த பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. சீதேவி பவளத்தை அவன் கையில் திணித்தாள். "பிடிங்க பிள்ளையை!" என்று கத்திவிட்டு, குனிந்து கற்பூரவல்லியின் அடித்தண்டை இரண்டு கையாலும் பற்றி ஓர் இழுப்பு இழுத்தாள்.

படக்கென்று ஒடிந்துவிட்டது. அவளே அதை எதிர்பார்க்கவில்லை. கற்பூரவல்லி கனவில்கூட எதிர்பார்க்கவில்லை. மரக்கட்டை மாதிரி இருந்த தண்டு, குடம் குடமாய் வீம்புக்குக் குடித்து ஊறிப்போய்க் கிடந்தது. ஒடிந்த அதிர்ச்சியில் செடிக்கு இலையெல்லாம் மயிர் சிலிர்த்து நின்றது. சீதேவி இலைகளை ஒரு பிடி உருவிக்கொண்டு, மிச்சக் குச்சிகளைத் துண்டு துண்டாய் ஒடித்து வேலிக்கு அந்தப் பக்கம் வீசினாள்.

"பாத்தியா, கடைசியில நான்தான் நிக்கேன்" என்று நாணல் சிரித்தது. அது சிரித்திருக்கக் கூடாது. அவள் திரும்பிய வேகத்தைப் பார்த்த பயத்தில் அதன் பட்டு இலை ஓரமெல்லாம் அரிவாளாய் விறைத்துக்கொண்டது. பிடிக்கப் போன அவள் கையைக் கிழித்தது. ரத்தம் வந்ததைக்கூடச் சீதேவி கவனிக்கவில்லை. வேரோடு பிடுங்கி, வீட்டுப் பின்னால் சுழித்து ஓடிய ஆற்று வெள்ளத்தில் விட்டெறிந்தாள். வெள்ளத்தில் போய் விழுவதற்குள் அந்தக் கருங்கூந்தல் பயத்தில் முழுக்க நரைத்துவிட்டது.

"தீர்ப்பு சொல்றதுக்குள்ள இப்படி..." என்று ஆண்டியப்பன் இழுத்தான்.

"தீர்ப்பா? உம்ம தீர்ப்பு வர்ற வரைக்கும் பிள்ளை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்குமாய்யா? மனுசனா நீரு?"

அவன் அப்போதுதான் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று. பிள்ளையோடு உள்ளே ஓடி அடுப்பை ஊதினான்.

இலையை வாட்டிப் பிழிந்து நாக்கில் விட்டாள். நெஞ்சில் தடவினாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை குமட்டிச் சளியைக் கக்கியது. பிறகு ஊரே கேட்கும்படி வீரிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் சீதேவியும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனால் அடுத்த தடவை? செடியைத்தான் வேரறுத்தாயிற்றே! அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தில் இப்படியா செய்வேன் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

மழை விட்ட பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி வேலியோரம் வந்து கூப்பிட்டாள். "ஏ சீதேவி! நீ வீசின குச்சியெல்லாம் என் குப்பைமேட்டுல துளிர்த்து நிக்குது. எப்பப் பாரு உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கு. வந்து என்னன்னு கேளு, என் காது போச்சு!"

"என்ன மதினி கேக்கும்? யார் உசத்தின்னு கேக்கும். இன்னும் அடங்கலையா அது?" சீதேவி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

சாம்பலும் சாணியும் கிடந்த மேட்டில், விழுந்த குச்சியெல்லாம் விழுந்த இடத்திலேயே வேர்விட்டிருந்தன. அன்றைக்குச் சிலிர்த்த மயிர் இன்னும் படியாமல் இலைமேல் அப்படியே நின்றது. அவளைப் பார்த்ததும் கற்பூரவல்லி மெதுவாகக் கேட்டது.

"பிள்ளைக்கு இப்ப மூச்சு நல்லா வருதா?"

சீதேவி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் குப்பைமேட்டிலேயே உட்கார்ந்தாள்.

"வருது. பால் குடிக்குது. தூங்குது."

"இனிமே கேட்டுக்கிட்டு நிக்காதே தாயி. ஒடிச்சுக்கோ" என்றது செடி.

"வலிக்காதா?"

"வலிக்கும். பிள்ளை இருக்கிற வீடு, நீ ஒடிச்சுக்கோ. மிச்சத்தை எங்கே வேணும்னாலும் போடு. நான் பிழைச்சுக்குவேன்."

அதுதான் கற்பூரவல்லி கடைசியாகப் பேசிய பேச்சு. வெள்ளத்தில் போன நாணல் எங்கோ ஒரு கரையில் ஒதுங்கி வேர்பிடித்தது. நரைத்த தலையை ஆட்டி ஆட்டிப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் என்னவோ கேட்டுக்கொண்டே இருக்கிறது. யாரும் பதில் சொல்வதில்லை, கிட்டப் போனால் கையைக் கிழிக்கும்.

கற்பூரவல்லி யார் வீட்டு வாசலில் நின்றாலும் அந்த வீட்டுக்காரியைக்கூடக் கேட்காமல் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு நாம் வீட்டுக்கு ஓடுவதும், திருட்டு என்று யாரும் நம்மைத் தடுக்காததும், பொன்னுத்தாயியின் குப்பைமேட்டில் சீதேவி உட்கார்ந்து எழுந்த அந்த நாளிலிருந்துதான்.