முள்ளம்மாவுக்குக் கிடைத்த முழு நாள்

மூங்கில் காட்டில் முள்ளம்மா என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. கதை எழுதுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவும். நாவல்பழச் சாற்றில் தோய்க்கும். தேக்கிலையில் எழுதும். பௌர்ணமி மாலையில் கதைப்பாறை மேல் ஏறி வாசிக்கும். காடே வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

அதெல்லாம் குட்டிகள் பிறப்பதற்கு முன்னால்! இப்போது வீட்டில் நாலு வாண்டுகள். ஒன்று தூங்கினால் ஒன்று அழும். ஒன்றைக் குளிப்பாட்டினால் இன்னொன்று சேற்றில் புரளும். நடுவில் கிழங்கு தோண்டவும் ஓட வேண்டும். எங்கிருந்து எழுதுவது? இரண்டு பௌர்ணமியாகக் கதை இல்லை.

கதை இல்லாத நாளில் காட்டெருமை பாடும். ஐயோ, அந்தப் பாட்டு! முதல் தடவை முயல்கள் குடும்பத்தோடு ஊரை விட்டே போய்விட்டன. இரண்டாம் தடவை குளத்துத் தவளைகள் ஓடி வந்து, "இனிமே நாங்க கத்தவே மாட்டோம், இதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க!" என்று கெஞ்சின.

யானை ராஜா முள்ளம்மாவைக் கூப்பிட்டு விட்டது. "நாளை மறுநாள் பௌர்ணமி. இந்தத் தடவையும் கதை இல்லேன்னா கதைப்பாறை எருமைக்குத்தான்!"

முள்ளம்மா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்பியது. அந்தப் பாறை என்றால் அதற்கு உயிர்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுத முள்ளம்மாவைப் பார்த்துக் கோணவாலன் என்ற குரங்கு மரத்திலிருந்து இறங்கி வந்தது. அதன் மரம் கதைப்பாறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எருமை பாடினால் முதல் அடி அதன் காதுக்குத்தான்.

"ஏன்க்கா, குட்டிங்க தூங்குறப்போ ரெண்டு ரெண்டு வரியா எழுதக் கூடாதா?"

"போடா! ரெண்டு வரியா? கதை எழுதறது என்ன கிழங்கு சுடுற வேலையா? எனக்கு ஒரு முழு நாள் வேணும். ஒரு சத்தம் இருக்கக் கூடாது. அப்புறம் பாரு, காட்டையே கலக்கிடுவேன்!"

"சரி, நாளைக்குக் குட்டிங்களை நான் பார்த்துக்கறேன். நாலு குட்டியைப் பார்க்கறது என்ன மலையைப் புரட்டுற வேலையா?" என்றது குரங்கு. பாவம், விவரம் தெரியாத பிள்ளை!

மறுநாள் காலையில் குட்டிகள் போயின. வீடு அமைதியானது. முள்ளம்மா உட்கார்ந்தது. இலை கரடுமுரடாக இருந்தது. மாற்றியது. முகத்தில் வெயில் அடித்தது. மரத்தடிக்குப் போனது. அங்கே எறும்பு! பக்கத்துப் பாறைக்குப் போனது. பாறை சாய்ந்திருந்தது! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நன்றாக ஆடத் தெரிந்த நம் முள்ளம்மாவும் அதையேதான் சொன்னது.

"முழு நாளும் இருக்கே! கொஞ்சம் கண்ணை மூடினா என்ன?" என்று படுத்தது. எழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

அங்கே குரங்கின் கதியைக் கேளுங்கள். "மாமா, உப்பு மூட்டை!" என்று ஒரு குட்டி முதுகில் ஏறியது. "மாமா, மடி!" என்று இன்னொன்று தாவியது. மிச்சம் இரண்டும் பாசம் தாங்காமல் கட்டிப் பிடித்துக்கொண்டன. குரங்கு திரும்பி வந்தபோது எது குரங்கு, எது முள்ளம்பன்றி என்றே தெரியவில்லை.

"அக்கா, எத்தனை இலை ஆச்சு?"

"தலைப்பு வெச்சேன்."

"அப்புறம்?"

"பிடிக்கலை. அடிச்சுட்டேன்."

குரங்கு அதிர்ச்சியில் தொப்பென்று உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் அலறிக்கொண்டு எழுந்தது.

"அடிப்பாவி அக்கா! முதல்ல இந்த முள்ளைப் பிடுங்கு!"

முள்ளம்மா ஒன்றைப் பிடுங்கியது. "ஆத்தாடி! இரு, இரு, மூச்சு வாங்கிக்கறேன்!" என்று குரங்கு மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. முள்ளம்மாவின் கையிலோ முள் இருந்தது. சும்மா நிற்பானேன்? சாற்றில் தோய்த்து ஒரு வரி எழுதியது. அடுத்த முள். "ஐயய்யோ!" அடுத்த வரி. குட்டிகள் பசியென்று கத்தின. கிழங்கைக் கொடுத்துவிட்டு இன்னொரு முள், இன்னொரு வரி. இலை கரடா, பாறை கோணலா என்று பார்க்க யாருக்கு நேரம்?

"சீக்கிரம் பிடுங்குக்கா!"

"இரு, இந்த வரியை முடிச்சுக்கறேன்!"

"பின்னாடி எரியுதுக்கா!"

"அதைத்தான் எழுதறேன்!"

பொழுது சாய்வதற்குள் பாதி முள்ளும் பாதிக் கதையும் முடிந்தன. மறுநாள் காலையில் மிச்ச முள், மிச்சக் கதை.

பௌர்ணமி மாலை வந்தது. எருமை தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக நின்றது. முள்ளம்மா பாறை மேல் ஏறி, "குட்டி பார்த்த குரங்கு!" என்று வாசிக்க ஆரம்பித்தது. காடு விழுந்து விழுந்து சிரித்தது. யானை ராஜா சிரித்துச் சாய்ந்ததில் ஒரு மரமே முறிந்தது. எருமையும் சிரித்துச் சிரித்துப் பாட மறந்தது. குரங்கு மட்டும் கடைசி வரை நின்றுகொண்டே கேட்டது.

"பாறை முள்ளம்மாவுக்கே!" என்றது ராஜா. "அடுத்த பௌர்ணமிக்கும் கதை வேணும்!"

முள்ளம்மா மெல்லத் திரும்பியது. "தம்பி கோணவாலா, அடுத்த மாசமும் ஒரே ஒரு நாள்..."

தம்பி அதற்குள் உச்சிக் கிளையில் இருந்தது. "முழு நாளும் கிடையாது, முள்ளும் கிடையாது! குட்டிங்க தூங்குறப்போ ரெண்டு வரி எழுதுக்கா!"

அலை ஓய்ந்த பிறகு குளிக்கலாம் என்று கரையில் நிற்பவர் கடைசிவரை நனைவதில்லை; கிடைத்த சிறு பொழுதில் ஒரு வரியாவது எழுதுகிறவரே கதையை முடிப்பார்.