நாற்பத்து மூன்றாவது தடவை

குரு ஜெனோவாவுக்கு முப்பத்தொரு வயது. சீடர் கொம்பையாவுக்கு நாற்பத்தொன்பது. இதில் ஊருக்குச் சிரிப்பு இருந்தது. அவர்கள் இருவருக்கும் இல்லை.

கடற்கரைக்குப் போகும் சாலையில், டீக்கடையை ஒட்டினாற்போல ஜெனோவாவின் கம்ப்யூட்டர் கடை. கொம்பையா இரவில் ஐஸ் கம்பெனிக்குக் காவல். விடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் கண் மூடாது. இருபது வருஷம் பகலை என்ன செய்வதென்று தெரியாமல் தெருத்தெருவாக நடந்த மனுஷன். ஒருநாள் காயலான் கடையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிவந்து பிரித்தார். பிரித்ததைத் திரும்பப் பூட்டினார். அது ஓடியது. அன்றைக்கு அவர் அழுதது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது.

அப்படிப் பதினாறு பழைய மெஷின்களை எழுப்பி உட்காரவைத்தார். பதினேழாவது எழும்பவில்லை. அதைத் தோளில் சுமந்துகொண்டு ஜெனோவாவின் கடை வாசலில் வந்து நின்றார்.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் டீச்சர். மிச்சத்தை நீங்க சொல்லித் தாங்க."

அது ரெண்டு வருஷத்துக்கு முந்தைய கதை.

இந்தத் திங்கட்கிழமை ஜெனோவா அவர் முன்னால் ஏழு அட்டைப்பெட்டிகளை வைத்தாள். எல்லாம் புதுக் கம்ப்யூட்டர் பாகங்கள். பிரிக்காத வாசம்.

"மீனவர் வானொலிக்கு. இதை நீங்களே கட்டுங்க அண்ணாச்சி. தங்கச்சி கல்யாணத்துக்குப் போறேன். வியாழக்கிழமை மத்தியானம் வந்துருவேன்."

வானொலியில் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு லூர்து கடல் செய்தி வாசிப்பான். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், போகலாமா கூடாதா. அங்கிருந்த பழைய மெஷின் போன வாரம் புகைந்துவிட்டது. அன்றிலிருந்து லூர்து கோயில் மைக்கில் கத்திக்கொண்டிருந்தான். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடிசைகளுக்கு அது கேட்காது. காற்று மாறும் பருவம் வேறு. வியாழக்கிழமை ஐந்து மணிக்கு மெஷின் அங்கே இருந்தாக வேண்டும்.

ஜெனோவாவின் கடையில் ஒரு முறை உண்டு. கட்டிய மெஷின் வரிசையாகப் பத்துத் தடவை பிசகாமல் எழும்ப வேண்டும். பிறகுதான் பக்கவாட்டு மூடியைப் போடலாம். மூடியைக் கட்டியவர்தான் போட வேண்டும். அதுவரைக்கும் மூடி சுவரில் சாய்ந்து நிற்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் பையோடு உள்ளே வந்தபோது மூடி சுவரில்தான் நின்றது. கொம்பையா தரையில் உட்கார்ந்திருந்தார். நாலு நாள் தாடி.

"கல்யாணம் நல்லா நடந்துச்சா டீச்சர்?"

"நடந்துச்சு. இது?"

"எழும்புது. எழும்ப மாட்டேங்குது. ஃபேன் சுத்துது. போர்டு ஓரத்துல ஒரு மஞ்ச விளக்கு எரியுது. திரை கருப்பாவே கெடக்கு. மூணு தடவை எழும்புச்சு. ஏன் எழும்புச்சுன்னு எனக்குத் தெரியல."

அவர் நோட்டை நீட்டினார். ஐஸ் கம்பெனி ரிஜிஸ்டரில் மணிக்கொரு தடவை எழுதிப் பழகிய கை. ஒன்று விடாமல் எழுதியிருந்தார்.

'தடவை 11. காலை 11.20 ஆன். 11.21 ஆஃப். திரை இல்லை. ராம் மெமரியை இடம் மாற்றினேன்.'

'தடவை 12. 12.05 ஆன். டீ குடிக்கப் போனேன். 12.14 வந்தேன். ஓடுகிறது! காரணம் தெரியவில்லை. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன்.'

'தடவை 13. 12.50 ஆன். 12.51 ஆஃப். திரை இல்லை.'

இருபத்தாறாவதில் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். வந்து பார்த்தால் ஓடியது. போர்டில் காசு மாதிரி இருக்கும் சின்ன பேட்டரியை உருவிப் பார்த்தார். முப்பத்தைந்தாவதில், 'கண் அசந்துவிட்டேன்' என்று எழுதியிருந்தது.

ஜெனோவா அந்த வரியில் விரல் வைத்தாள்.

"பகல்ல தூங்குனீங்களா?"

"அதான் எனக்கே ஆச்சரியம். எந்திரிச்சுப் பாத்தா ஓடிட்டிருக்கு. எனக்கு என்ன தோணுதுன்னா டீச்சர், என் மூஞ்சி அதுக்குப் பிடிக்கல."

"பிடிக்காமத்தான் மூணு தடவை வந்துச்சாக்கும்."

"வெளையாடாதீங்க. தப்பு எதுல இருக்கு? ராமா, போர்டா, கரண்ட் சப்ளையா? அதை மட்டும் சொல்லிருங்க. அஞ்சு மணிக்குள்ள இது எழும்பலேன்னா, நான் இந்த ஸ்க்ரூ டிரைவரை இங்கயே வச்சிட்டுப் போயிருதேன். பழைய இரும்போட நின்னிருக்கணும். புதுசு தொடுத கை இல்ல இது."

ஜெனோவா மெஷின் பக்கம் குனிந்தாள். எல்லாம் சரியாகச் செருகியிருக்கிறதா என்று ஒருதரம் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பட்டனை அமுக்கினாள். ஃபேன் சுற்றியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, ஐஸ் எப்படிப் போடுறாங்க?"

"இப்பமா?"

"இப்பத்தான்."

கொம்பையா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெரிய தொட்டி. நிறைய உப்புத்தண்ணி. அதுக்குள்ள தகர டப்பாவுல நல்ல தண்ணி ஊத்தி இறக்குவாங்க. மேல பலகை போட்டு மூடுவாங்க. டீச்சர், அறுபது எண்ணியாச்சு. அணைச்சிருவமா?"

"அது என்ன அறுபது?"

"அறுபது எண்ணுறதுக்குள்ள முழிக்கலேன்னா அது முழிக்காது. பதினாறு மெஷின்ல பாத்திருக்கேன்."

"பலகை போட்டு மூடுவாங்க. அப்புறம்?"

"அப்புறம் என்ன, மறுநாள்தான் எடுப்பாங்க." அவர் கை பட்டன் பக்கம் போனது. அவள் பார்த்தாள். கை திரும்பி வந்தது. "புதுசா வேலைக்கு வந்தவன் ஒருத்தன், தவசின்னு. மீசையெல்லாம் முறுக்கி ஆளு பாக்க ஐயனார் மாதிரி இருப்பான். மணிக்கொரு தடவை பலகையத் தூக்கி, டப்பாவ வெளிய இழுத்து, உறைஞ்சிருச்சான்னு குத்திப் பாப்பான். வெடிஞ்சு பாத்தா மத்த டப்பால்லாம் பாறை. அவன் தொட்ட நாலும் கூழு. ஐஸ் வாங்க வந்த போட்டுக்காரங்க வச்சு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டாங்க. 'தவசி, எங்களுக்குப் பாயசம் வேண்டாம்வே, ஐஸ் குடும்'னு."

ஜெனோவா சிரித்தாள். "நீங்க என்ன செஞ்சீங்க?"

"மறுநாளு அவன் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, என் பெஞ்சுல பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டேன். தொட்டிப் பக்கமே விடல. 'அண்ணே, உள்ள என்ன நடக்குதுன்னு தெரியலையே'ங்கான். 'உனக்கெதுக்குடா தெரியணும், அதுக்குத் தெரியும்'னேன். அவன்னா பொறுக்கவே மாட்டாம..."

கொம்பையாவின் வாய் அப்படியே நின்றது.

திரை விழித்திருந்தது.

அவர் எழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிஷம். பிறகு நோட்டை எடுத்து, தான் எழுதியதைத் தானே முதல் தடவையாகப் படித்தார். 11.20 ஆன், 11.21 ஆஃப். 12.50 ஆன், 12.51 ஆஃப். பக்கம் பக்கமாக ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். அவர் காது சிவந்தது.

"பழைய ராம் வந்த உடனே வேலையில உக்காந்திரும்" என்றாள் ஜெனோவா. "இது புது வகை. முதல் தடவை போர்டும் ராமும் ஒண்ணை ஒண்ணு அளந்து பாத்துப் பழகிக்கணும். அதுக்கு நேரம் ஆகும். அதுவரைக்கும் அந்த மஞ்ச விளக்கு எரியும். அளந்ததை எழுதி வச்சுக்கும். நடுவுல அணைச்சாலோ, கழட்டினாலோ மறுபடி முதல்லருந்து."

"ஓடினதையும் நான் கழட்டிட்டேன்."

"மூணு தடவை."

வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. லூர்து இறங்கினான். "என்ன கொம்பையாண்ணே, இன்னைக்காவது பிள்ளை பொறந்துச்சா? மைக்குல கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு."

"சத்தம் போடாம உக்காருவே" என்றார் கொம்பையா. அணைத்தார். ஆன் செய்தார்.

இருபது எண்ணுவதற்குள் திரை வந்தது.

"ஒண்ணு" என்றான் லூர்து.

அணைத்தார். ஆன் செய்தார். "ரெண்டு." நாலாவதில் டீக்கடையிலிருந்து ஆட்கள் டம்ளரோடு எட்டிப் பார்த்தார்கள். ஆறாவதில் அவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். எட்டு என்ற சத்தம் மீன் ஏலக்கூடம் வரைக்கும் கேட்டிருக்கும். பத்தாவதில் லூர்து அவரைத் தோளோடு தூக்கிவிட்டான்.

"இறக்குவே! இன்னொரு தடவை பாத்துருதேன். ராம் கொஞ்சம் சாஞ்ச மாதிரி..."

"மூடியைப் போடுங்க அண்ணாச்சி" என்றாள் ஜெனோவா.

சுவரில் சாய்ந்து நின்ற மூடியை எடுத்தார். புறங்கையால் தூசி தட்டினார். பொருத்தினார். நாலு நாள் கழித்து அது 'டக்'கென்று உட்கார்ந்தது.

லூர்து மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வானொலிக்குப் போனான். ஐந்து மணி. கடை அலமாரியிலிருந்த ரேடியோவில் லூர்துவின் கட்டிப்போன தொண்டை. தென்கிழக்கில் காற்று வலுக்கும், இன்றிரவு யாரும் கடலுக்குப் போக வேண்டாம். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கமிருந்து டீக்கடைக்காரருக்கு ஃபோன் வந்தது. கேட்கிறதாம். தெளிவாகக் கேட்கிறதாம். படகுகளைக் கரையில் ஏற்றுகிறார்களாம்.

கொம்பையா ரேடியோவை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். பிறகு நோட்டைப் பிரித்து, நாற்பத்து மூன்று என்று போட்டு, நேரங்களை எழுதினார். 'பழுது' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"டீச்சர், இந்த இடத்துல நான் என்ன எழுத?"

ஜெனோவா ஸ்க்ரூ டிரைவரை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"தவசியைப் பெஞ்சுல உக்கார வச்சீங்களே, அன்னைக்கு ரிஜிஸ்டர்ல என்ன எழுதினீங்க?"

கொம்பையா யோசித்தார். "எப்பவும் எழுதுறதுதான். 'அனைத்தும் சரி'ன்னு."

"அதையே எழுதுங்க."