தவசியின் தினசரிக் கல்யாணம்

ஊசிமடைக்காரர்களை யாரும் குறை சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும். சொன்னதை அப்படியே கேட்கிற ஊர் அது. கேட்டதால் வந்த வினைதான் இது. அங்கே நடந்த கல்யாணங்களில் மூன்றில் நானே சாப்பிட்டிருக்கிறேன்.

ஹெல்கா என்ற வெளிநாட்டுப் பெண்ணிடமிருந்து ஊர்த் தலைவர் அங்குச்சாமிக்கு ஒரு கடிதம் வந்தது. கிராம வாழ்க்கையைப் பார்க்கவும் கூடமாட வேலை செய்யவும் அவளும் இரண்டு தோழர்களும் வருகிறார்களாம். வியாழக்கிழமை வந்து ஒரு வாரம் தங்குவார்கள். கடைசி வரி இது: 'எங்களுக்காகப் புதிதாக எதுவும் செய்யாதீர்கள். தினமும் செய்வதை மட்டும் செய்யுங்கள்.'

அந்த வியாழக்கிழமைதான் தவசிக்குக் கல்யாணம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது.

"கல்யாணம் தினமும் செய்யறதா?" என்று கேட்டார் தலைவர்.

"இல்லையே," என்றது ஊர்.

"அப்போ நிறுத்திர வேண்டியதுதான்."

தவசி ஓவென்று அழுதான். "எனக்கு முப்பத்தாறு வயசாச்சு அண்ணாச்சி! ஒன்பது இடத்துல வேண்டாம்னுட்டாங்க. பேச்சியம்மா ஒருத்திதான் சரின்னா. அவளையும் விட்டா நான் காலம்பூரா தனியா கஞ்சி காய்ச்சிக் குடிக்கணும்!"

கோட்டைச்சாமி ஊரிலேயே பெரிய மூளைக்காரர். கண்ணை மூடி யோசித்தார்.

"ஏன் நிறுத்தணும்? நாளையிலேருந்து தினமும் கல்யாணம் பண்ணுவோம். அவங்க வந்து பார்க்கும்போது, அது தினமும் செய்யறதுதானே?"

அடேயப்பா, என்ன கைதட்டல்! தவசி அவர் காலிலேயே விழுந்துவிட்டான்.

திங்கட்கிழமை பக்கத்து ஊர் மேலமடையிலிருந்து பெண் வீட்டார் வண்டி கட்டி வந்தார்கள். மேளம், தாலி, வடை, பாயசம் எல்லாம் ஆயிற்று. சாயங்காலம் தவசி பேச்சியம்மாவை வீட்டுக்குக் கூப்பிட்டான். தலைவர் குறுக்கே வந்தார்.

"பொண்ணு இங்கேயே இருந்துட்டா, நாளைக்குப் பொண்ணழைப்பு எப்படி நடத்துறது?"

நியாயம்தானே! பேச்சியம்மா வண்டியேறிப் போனாள். மறுநாள் வந்தாள், தவசி தாலி கட்டினான், திரும்பப் போனாள். புதன்கிழமைக்குள் அவள் கழுத்தில் மூன்று மஞ்சள் கயிறு.

வியாழக்கிழமை ஹெல்கா வந்து வெங்காயம் உரித்தாள். தோழர்கள் பந்தியில் சாம்பார் வாளி தூக்கினார்கள். நோட்டில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள்: 'இங்கே தினமும் காலையில் கல்யாணம். மாப்பிள்ளை ஒருவர்தான். சாயங்காலம் அவர் வண்டிக்குப் பின்னால் அழுதுகொண்டே ஓடுகிறார். அழகான சடங்கு.'

மறுநாள் உதவிக்கு அவளும் கூடவே ஓடினாள்.

ஒரு வாரம் ஆனது. விருந்தாளிகள் கண்கலங்கிக் கிளம்பினார்கள். தவசி வீட்டைக் கழுவி, புதுப் பாய் வாங்கிப் போட்டான். விடிந்ததும் வாசலில் மேளம்.

"குளிச்சிட்டு வா மாப்பிள்ளே, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு!" என்றார் தலைவர்.

"அவங்கதான் போயாச்சே அண்ணாச்சி!"

"போனா என்ன? தினமும் செய்யறதை யாரோ போனதுக்காக நிறுத்துவாங்களா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

அன்று சாயங்காலம் தவசி வாழ்க்கையில் முதல்முறையாக யோசித்தான். வண்டி கிளம்பியதும் ஒரே தாவாகத் தாவி உள்ளே ஏறிவிட்டான். மாமனார் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு, பேச்சியம்மாவோடு ஆசைதீரப் பேசினான். பாவம், எத்தனை நாள் ஏக்கம்! காலையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே ஊசிமடைக்கு வந்து இறங்கினான்.

பெண் வீட்டு வண்டியில் வருகிறவர் பெண் வீட்டார். இது தலைவருக்குத் தெரியாதா? பன்னீர் தெளித்து வரவேற்றார்.

"வாங்க, வாங்க! நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

"புருஷன்," என்றான் தவசி.

மேளம் நின்றது. தலைவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அடப்பாவிகளா! கல்யாணமான பொண்ணையா எங்க தவசி தலையில கட்டப் பாத்தீங்க?"

"ஐயோ, நான்தான் தவசி..."

"நீர் பேசாதேயும்! அவன் அப்பாவிப் பிள்ளை. இதைக் கேட்டா உயிரையே விட்ருவான்!"

கல்யாணம் அதோடு நின்றது. இருவரையும் அதே வண்டியில் ஏற்றி விரட்டிவிட்டார்கள். தவசியும் பேச்சியம்மாவும் இப்போது மேலமடையில் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

ஊசிமடைக்காரர்களுக்குத்தான் மனசு ஆறவில்லை. ஊர் ஊராகத் தவசிக்குப் பெண் தேடுகிறார்கள். போன வாரம் மேலமடையில் தவசி வீட்டுக்கே போய், "உங்களுக்குத் தங்கச்சி இருந்தா எங்க பையனுக்குத் தருவீங்களா?" என்று கேட்டார்களாம்.

தவசி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "பையன் குணம் எப்படி?" என்று விசாரித்தானாம்.