சாக வந்த தப்பு விடை

ஒரு பாலிடெக்னிக்கில் ஒரு நாள் ஓர் உத்தரவு பிறந்தது. பாடத்துக்கு முந்தின நாளே கேள்வியை ஆன்லைனில் போட வேண்டும். மாணவர்களின் விடைகளைப் பார்த்து, எங்கே புரியவில்லையோ அதை மறுநாள் வகுப்பில் நடத்த வேண்டும். நல்ல ஏற்பாடுதான். நல்ல ஏற்பாடுகளை நாம் எப்படிக் கவனித்துக்கொள்வோம் என்பது ஊரறிந்தது.

வேலாயுதம் சார் கேட்ட கேள்வி இது: ஒரே மாதிரியான இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்?

சாயங்காலம் அவருடைய கம்ப்யூட்டர் வாசலில் விடைகள் கூடின. எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம்: 'மின்னோட்டம் மாறாது, ஆகவே இரண்டும் சமமாக எரியும்.' நடுவில் ஒன்று மட்டும் கசங்கிய சட்டையோடு நின்றது. இசக்கியம்மாள் என்ற மாணவி தானே யோசித்து எழுதிய விடை: 'முதல் பல்பு கரண்டைக் குடிச்சிரும். மிச்சம்தான் ரெண்டாவதுக்கு. அதனால முதல் பல்பு.'

"நீங்கல்லாம் ஒரு தாய் பிள்ளைகளா?" என்று அந்தத் தப்பு விடை கேட்டது.

"வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் போட்டான், எல்லாரும் எங்களைக் கூட்டிட்டு வந்துட்டாங்க" என்றது ஒரு சரி விடை. "நீ ஏன் பிள்ள இந்தக் கோலத்துல வந்தே? மானம் போகலியா?"

"நான் சாகத்தான் வந்தேன். சார் பார்த்தாருன்னா நாளைக்கு கிளாஸ்ல என்னைக் கொன்னு போட்டுருவாரு. நான் செத்தாத்தான் எங்க இசக்கிக்குப் புரியும்."

சரி விடைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

காலையில் சார் வந்தார். விடைகளைப் படிக்கவில்லை, அதற்குத்தான் மென்பொருள் இருக்கிறதே. அது சரி விடைகளுக்குப் பச்சையாக ஒரு தூணையும், அதன் காலடியில் தப்புக்குச் சிவப்பாக ஒரு கீற்றையும் காட்டியது. சிவப்பைத் தொட்டிருந்தால் தப்பு விடை திறந்திருக்கும். "சார், இங்க இருக்கேன்" என்று பாவம், தொண்டை கிழியக் கத்தியது. சார் பச்சையைப் பார்த்துப் பூரித்தார். ஏதோ கண்டம் தப்பியது போல ஒரு பெருமூச்சும் விட்டார்.

"எல்லாருக்கும் புரிஞ்சிருக்கு. விடையைப் பார்த்துத்தான் நடத்தணும்னு உத்தரவு. அதனால இந்தப் பாடம் வேண்டாம், அடுத்ததுக்குப் போவோம்" என்றார் வகுப்பில்.

இசக்கியம்மாள் எழுந்தாள். "சார், எனக்குப் புரியல."

"நீ ஒருத்திதானம்மா. பக்கத்துல கேட்டுக்கோ."

பக்கத்திலிருந்தவள் அவசரமாகக் குனிந்து பேனாவைத் தேடினாள்.

தப்பு விடை இசக்கியின் தலைக்கே திரும்பியது. அங்கிருந்து சுற்றிப் பார்த்தால், வகுப்பிலுள்ள தலைகளிலெல்லாம் அதன் கூடப்பிறந்த தப்பு விடைகள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன.

"நேத்து நீங்க ஒருத்தரும் வரலியே?"

"நாங்க எதுக்கு வரணும்? அதான் வாடகைக்கு ஆள் அனுப்பிட்டோமே."

தப்பு விடைக்கு அழுகை முட்டியது. "சார் ஒருத்தர் மனசு வெச்சா, நாம எல்லாரும் ஒரே நாள்ல போய்ச் சேர்ந்திருப்போமே."

அப்போது சாரின் வழுக்கைத் தலைக்குள்ளிருந்து ஒரு கிழட்டுக் குரல் கேட்டது:

"அழாத பிள்ள. அவரு படிச்ச காலத்துல இருந்து நான் இங்கதான் குடியிருக்கேன். என்னையே கொல்லல, உங்களை எங்க கொல்லப் போறாரு?"