முள்ளி வரைந்த தலைவால் இல்லாத படம்

குளத்தங்கரைப் புதரில் முள்ளி என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்தாள். அவள் ஓர் ஓவியர். கரையோரப் பாறைகள்தான் அவளுக்குத் திரை. உதிர்ந்த முள் தூரிகை, வேங்கை மரத்துப் பிசின் பசை. காட்டுச் சாலையில் போகிற மனிதர்கள் வீசிய சிப்ஸ் கவர், பாட்டில் மூடி, அறுந்த செருப்பு வார் எல்லாம் வர்ணம். அதைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. புதருக்குள் ஒரு நடை நடந்தால் பாதிக் குப்பை அவள் முதுகு முள்ளில் குத்திக்கொண்டு தானே வீடு வந்து சேரும்!

அவள் படத்தில் மயிலும் இராது, மரமும் இராது. வளைவும் வண்ணமும் மட்டுமே இருக்கும்.

"முள்ளியக்கா, இது யானையா, பானையா?" என்று நரி நக்கலடிப்பான்.

"பாக்கறப்போ உனக்கு என்ன தோணுதோ அதுதான்" என்பாள் முள்ளி.

"எனக்குப் பசிக்கிற மாதிரி தோணுது" என்று அவன் போய்விடுவான்.

முள்ளம்பன்றிகளுக்கு எலும்பு கடிக்கும் பழக்கம் உண்டு. ஒரு நாள் மூங்கிலடியில் இறந்துகிடந்த ஆம்பல் என்ற மானின் எலும்புகளைக் கடிக்க முள்ளி போனாள். கழுகுகள் மிச்சம் வைக்காமல் தின்றிருந்தன. விலா எலும்புகளுக்கு அடியில் ஓர் உருண்டையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தன. பிரித்துப் பார்த்தாள். அத்தனையும் சிப்ஸ் கவர்!

மான்களுக்கு உப்பு என்றால் உயிர். கவரில் ஒட்டிய உப்பை நக்குவார்கள். கவரும் சேர்ந்து உள்ளே போய்விடும். ஆம்பலின் அக்கா தாழைதான் மான் கூட்டத்துக்குத் தலைவி. அவளிடம் முள்ளி ஓடினாள்.

"தாழை, இனி சாலைப் பக்கம் போகாதீங்க. உன் தங்கச்சி செத்தது அங்க கிடக்கிற சிப்ஸ் கவரத் தின்னதாலதான்."

"அவ வயிறு உப்பி, நோவு வந்து செத்தா. எலும்பு கடிக்கிற உனக்கு எங்க வயித்தப் பத்தி என்ன தெரியும்?" என்று தாழை சிடுசிடுத்தாள்.

முள்ளி மூங்கிலடிக்குத் திரும்பிப் போனாள். உருண்டையை இழுத்துவந்து, மான்கள் தண்ணீர் குடிக்கும் துறையிலுள்ள பெரிய பாறையில் வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு கவராகப் பிரித்து ஒட்டினாள். சிவப்பு, மஞ்சள், வெள்ளி என்று சுற்றிச் சுற்றி ஒரே சுழல். வேறு எதையும் சேர்க்கவில்லை, ஒன்றையும் விட்டுவிடவில்லை, எதையும் கழுவவும் இல்லை. மூன்று நாள் அவள் வயிறாரச் சாப்பிடவே இல்லை. என்ன மனசு பாருங்கள்!

படம் முடிந்ததும் கூட்டம் கூடியது.

"தேன்கூடு" என்றது குரங்கு.

"சூரியன் கீழ விழுந்து உடைஞ்சிருக்கு" என்றான் நரி.

தண்ணீர் குடிக்கத் தாழையும் வந்தாள். மான்களுக்குக் கண்ணைவிட மூக்கில்தான் நம்பிக்கை. அவள் பாறையில் மூக்கை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"இது ஆம்பல் வாசம்" என்றாள்.

"அவ வயித்துல இருந்ததுதான்" என்றாள் முள்ளி.

"இவ்வளவுமா?"

"இவ்வளவும்."

தாழை பாறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தாள். பத்து அடி நடக்க வேண்டியிருந்தது. அவள் கண்ணில் நீர் கட்டியது.

அப்போது தாழைக்குப் பின்னால் நின்ற அவள் குட்டி எதையோ மென்றுகொண்டிருந்தது. தாழை சட்டென்று திரும்பி, அதன் வாயிலிருந்து மஞ்சள் கவர் ஒன்றைப் பிடுங்கினாள். அதைக் கொண்டுவந்து முள்ளியின் காலடியில் போட்டாள்.

"இதையும் ஒட்டு, முள்ளி. ஆனா இந்தப் பாறையில வேணாம், இது ஆம்பலோடது. வேற பாறையில ஒட்டு" என்றாள்.

சொல்லிக் கேளாதவரையும் தாமே உணரவைத்துக் கேட்கச் செய்வதே நல்ல கலை.