கூட்டமில்லாத குடா

ஆறு கடலோடு சேரும் இடத்தில் கருவன் என்ற நீர்நாய் இருந்தது. அதற்கு மனைவி சேலி, ஒரே மகள் துள்ளி. கூடப் பிறக்காத தம்பியாக மெத்தன் என்ற ஆமையும் உண்டு. நால்வருக்கும் அலை என்றால் உயிர். கருவனும் சேலியும் வயிற்றால் சறுக்கி வரும். துள்ளி மட்டும் ஆமையின் ஓட்டின் மேல் நின்றுகொண்டே வரும். அதில் அதற்கு அப்படி ஒரு பெருமை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் அலைக்கும் பிறகு கரை ஒதுங்கியவுடன் "வந்தாச்சு!" என்று குரல் கொடுக்க வேண்டும். நுரையில் கண் தெரியாதல்லவா, அதனால்தான். எல்லாக் குரலும் கேட்டுவிட்டால் அடுத்த அலைக்குப் போகலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் காலை ஆற்றுமுகத்தில் கால் வைக்க இடமில்லை. ஓங்கில் எனும் டால்பின்கள் ஒரு பக்கம், நாரைகள் ஒரு பக்கம், நடுவில் கிழட்டு ஆமைகள். ஓர் அலைக்கு முண்டியடித்தால் ஊரே முறைத்தது. கருவனுக்கு எரிச்சலான எரிச்சல்.

அப்போது வடக்கே பாறைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. "இங்கே வாங்க, இடம் காலியா கிடக்கு!"

"அட, நம்ம சிநேகிதன் மாசன் குரல்!" என்றது கருவன். "போன மழைக்கு முன்னாடி குடும்பத்தோட எங்கேயோ போயிட்டான்னு சொன்னாங்களே. பக்கத்துலேயே இருந்திருக்கான் பாரு, கள்ளன்."

பாறையைச் சுற்றிப் போனார்கள். அங்கே ஒரு குடா. அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் உருண்டு வந்தன. ஆள் அரவமே இல்லை. மணலில் ஒரு நண்டு வளைகூட இல்லை. மேலே பறந்து வந்த கடற்காகங்கள் பாறை வந்ததும் விலகிச் சுற்றிக்கொண்டு போயின.

"அண்ணே, இவ்வளவு நல்ல அலைக்கு ஏன் ஒருத்தரும் வரலை?" என்றது மெத்தன். "கூப்பிட்ட மாசனையும் காணோமே."

"சாப்பிடப் போயிருப்பான். நல்லது கிடைச்சா அனுபவிக்கணும், ஆராய்ச்சி பண்ணக் கூடாது" என்ற கருவன் தண்ணீரில் பாய்ந்து கத்தியது. "கூட்டமே இல்லை! நமக்கே நமக்கு! வாங்க!"

உண்மையைச் சொல்ல வேண்டுமே, அன்றைய ஆட்டம் பிரமாதம். கருவன் குட்டிக்கரணம் போட்டது. சேலி வயிறு வலிக்கச் சிரித்தது. ஒவ்வொரு தடவை கரை சேரும்போதும் துள்ளி கெஞ்சியது. "அப்பா, இன்னும் ஒரே ஒரு அலை!"

ஒரு முறை நால்வரும் "வந்தாச்சு!" சொல்லி முடித்த பிறகு, கடல் பக்கமிருந்து மெல்ல இன்னொரு "வந்தாச்சு" கேட்டது.

"பாறை எதிரொலிக்குது" என்றது கருவன்.

அடுத்த அலையில் அந்தக் குரல் இவர்கள் வாய் திறக்கும் முன்பே வந்தது. சேலிக்கு முதுகு முடி சிலிர்த்தது.

"என்னங்க, நாம கத்துறதுக்கு முன்னாடியே எதிரொலி வருமா?"

"புது இடமில்லையா, வரும் போல" என்றது கருவன். இப்படிச் சொல்ல அதற்குக் கொஞ்சமும் கூச்சமில்லை!

"எனக்குப் பிடிக்கலை. கிளம்புங்க."

"அம்மா, இன்னும் ஒரே ஒரு அலை!" என்றது துள்ளி. சேலி அரை மனதாகத் தலையசைத்தது.

அந்த அலை பெரிதாக எழுந்து எல்லாரையும் புரட்டிப் போட்டது. கருவன் "வந்தாச்சு!" என்றது. சேலியும் மெத்தனும் சொன்னார்கள். துள்ளியின் குரலும் தெளிவாகக் கேட்டது. கருவன் நிம்மதியாக உடம்பை உதறிக்கொண்டது.

சேலி மட்டும் திரும்பிப் பார்த்தது. ஆமையின் ஓட்டின் மேல் யாரும் இல்லை. மணலிலும் யாரும் இல்லை.

"துள்ளி!" என்று அலறியது. கடல் சட்டென்று அடங்கி, அலைச் சத்தம்கூட நின்றுவிட்டது.

ஆழத்திலிருந்து உற்சாகமாக ஒரு குரல் வந்தது. "அப்பா, இன்னும் ஒரே ஒரு அலை!"

பாறையின் அடியிலிருந்து மெலிதாக இன்னொன்று. "அம்மா, வீட்டுக்குப் போலாம்."

இரண்டும் துள்ளியின் குரல்.

"அதோ, என் பொண்ணு!" என்று கருவன் ஆழத்தை நோக்கிப் பாய்ந்தது. சேலி அதன் வாலைக் கடித்துப் பிடித்து இழுத்தது.

"விடுடி! அவ சொல்றது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதைத்தானே அது சொல்லுது! காலையிலிருந்து நாம கத்தினதை எல்லாம் கேட்டு வெச்சிருக்கு. பயந்த பிள்ளை இன்னொரு அலை கேக்குமா? வீட்டுக்குப் போலாம்னு நம்ம துள்ளி இன்னிக்கு ஒரு தடவைகூடச் சொல்லலை, அதை அது கேட்டிருக்கவே முடியாது. பாறைக்குப் போ, மெத்தா!"

மெத்தன் பாறைக்கு விரைந்தது. ஒரு வெடிப்பில் நகத்தைக் கொடுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது துள்ளி. அதை ஓட்டில் ஏற்றித் திரும்பும்போது, கீழே ஏதோ பெரியது மெதுவாக நகர்ந்து போனது. தண்ணீர் ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தது. நால்வரும் கரையேறி ஓடினார்கள்.

பாறையைத் தாண்டும்போது பின்னாலிருந்து கருவனின் குரல் கேட்டது.

"கூட்டமே இல்லை! நமக்கே நமக்கு! வாங்க!"

ஆனால் கருவன் மகளைக் கட்டிக்கொண்டு வாயை மூடியபடி நின்றிருந்தது.

"மாசன் எங்கேயும் போகலை, சேலி" என்றது கடைசியில். நண்பனை நினைத்து வாய்விட்டு அழுதது.

அதன் பிறகு அந்தக் குடும்பம் குரலை நம்புவதில்லை. ஒவ்வோர் அலைக்கும் பிறகு மூக்கோடு மூக்கு தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. இடமில்லாத ஆற்றுமுகத்தில் யாராவது இடித்தால் கருவன் கோபப்படுவதில்லை. நகர்ந்து இடம் விடுகிறது.

ஆகவே, ஆளில்லாத நல்ல இடத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முன், அங்கே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க வேண்டும்.